ஒரு ஹெட்செட்டுக்கு எத்தனை அலுவலகங்கள்?

புது தில்லி: சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி செல்லும் பேருந்து பிச்சாட்டூரைக் கடக்கும்போது, பயணிகளில் பலரது காதுகளில் ஹெட்போன் இருக்கும். அதே திசையில், ரேணிகுண்டா விமான நிலையத்தில் தரையிறங்கும் விமானியின் காதுகளிலும் ஒன்று இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் விலையில் பல மடங்கு வேறுபாடு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே பயன்படுத்தவும் இயலாது.

இரண்டையும் ஒரே கருவியாக்க முடியாதா என்ற கேள்வி விமானத் துறையில் நெடுநாளாக உள்ளது. காதுப் பகுதி ஒன்றே. விமானி அறையில் மைக்கையும் கம்பியையும் மாட்டிக்கொள்வது, வெளியே வந்ததும் கழற்றிவிட்டுச் செல்பேசியுடன் இணைத்துக்கொள்வது என்பதே இதன் அடிப்படை. தொழில்நுட்பத்தில் இதற்குப் பெரிய தடை இல்லை. தடை அனுமதி நடைமுறையில்தான் இருக்கிறது.

விமானத்திலிருந்து வீட்டுக்கு: விமானிகளுக்காகப் பிறந்த கருவி பொதுப் பயன்பாட்டுக்கு வருவது புதிதல்ல. 1961-ல் அமெரிக்காவில் கோர்ட்னி கிரஹாம் என்ற விமானியும் அவரது நண்பர் கீத் லார்க்கினும் எடை குறைந்த ஹெட்செட் செய்வதற்காக பசிபிக் பிளான்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். விமானிகளுக்கென உருவான அவர்களது கருவி தொலைபேசி நிலையப் பணியாளர்களிடம் சென்றது. இன்று கால்சென்டர் ஊழியர்கள் அணிவது அதன் வழித்தோன்றலே.

அமர் போஸின் கதை இந்தியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலேய ஆட்சியின் பிடிக்குத் தப்பி அமெரிக்கா சென்ற வங்க விடுதலைப் போராட்ட வீரரின் மகன் அவர். 1978-ல் சூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பியபோது, விமானத்தில் தரப்பட்ட ஹெட்போனில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை. இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கும் வழிக்கான கணக்கைப் பயணம் முடிவதற்குள் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். 1989-ல் அவரது நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே உத்தி 2000-ல் சாதாரணப் பயணிகளின் ஹெட்போனாக வந்தது.

பின்னர் எதிர்த்திசையிலும் முயற்சி நடந்தது. போஸ் நிறுவனத்தின் வீட்டு உபயோக ஹெட்போன்களில் செருகி, அவற்றை விமான ஹெட்செட்டாக மாற்றும் 'யூஃப்ளைமைக்' போன்ற இணைப்பு மைக்குகளை வேறு நிறுவனங்கள் விற்கின்றன.

எங்கே சிக்கல்: விமான ஹெட்செட்டுக்கு இரண்டு பிளக்குகள் உண்டு, ஒன்று கேட்பதற்கு, மற்றொன்று பேசுவதற்கு. ஹெலிகாப்டர்களில் ஒரே பிளக். விமான மைக் பழைய கார்பன் மைக்கின் மின் அமைப்பையே இன்றும் பின்பற்றுவதால், செல்பேசி மைக்கைவிடப் பல மடங்கு அதிக மின்னழுத்தத்தை எதிர்பார்க்கிறது. ஒலிபெருக்கிச் சுருளின் மின்தடையும் வேறு. இவற்றையெல்லாம் கழற்றி மாட்டும் பகுதிக்குள் ஒரு சிறு மின்சுற்றில் அடக்கிவிடலாம்.

அடக்க முடியாதது ஒன்று உண்டு. பேட்டரி தீர்ந்தாலும் விமானிக்குக் கட்டுப்பாட்டு அறையின் குரல் கேட்டாக வேண்டும். இரைச்சல் தடுப்பு நின்றாலும் காதுறை தன் அழுத்தத்தாலேயே காதைக் காக்க வேண்டும். பேருந்தில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்த மெல்லிய ஹெட்போன் இங்கேதான் தோற்கிறது. இரைச்சலை அழிக்கும் கருவி எச்சரிக்கை ஒலிகளையும் மங்கச் செய்யக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007-லேயே விமான நிறுவனங்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே முதலில் விமானத்துக்கெனச் செய்து, பிறகு வீட்டுக்கு இளக்குவதே சரியான வரிசை. மலிவு என்பதற்காக இதை மாற்றுவது ஆபத்து.

காது போனால் உரிமம் போகும்: இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் பயிற்சி விமானிகள். வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி, 90 டெசிபலுக்கு மேல் இரையும் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் கழிகிறது. சர்வதேச விதிப்படி 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் கேள்திறன் இழந்தவர் மருத்துவத் தேர்வில் சிக்கலைச் சந்திப்பார். உயர்தர ஹெட்செட்டோ ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்துப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு, அந்தப் பணத்தில் வேறு உபயோகமும் கிடைக்குமென்றால் அது சிறு நிம்மதியல்ல.

மூன்று வாசல்கள்: இத்தகைய கருவியை இந்தியாவில் செய்து முழு அங்கீகாரத்துடன் விற்க விரும்புபவர் தில்லியில் மூன்று திசைகளில் அலைய நேரும். விமானக் கருவிக்கான தரச் சான்றுக்குச் சப்தர்ஜங் விமான நிலையப் பகுதியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். புளூடூத் அலைவரிசை அனுமதிக்கு அசோகா சாலையில் சஞ்சார் பவன். வயர்லெஸ் ஹெட்போனுக்கான கட்டாயப் பதிவுக்குப் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனம். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் மைக்கைக் கழற்றினால் ஒரு துறைக்கும், மாட்டினால் இன்னொரு துறைக்கும் உரியதாகிவிடும் பொருளை மனதில் வைத்து இவை வகுக்கப்படவில்லை.

வரியிலும் இதே குழப்பம் எழும். 2024 ஜூலையில் இறக்குமதியாகும் விமான உதிரிபாகங்களுக்கு, நிபந்தனைகளுடன், ஒரே சீராக 5 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. நிர்ணயிக்கப்பட்டது. சாதாரண ஹெட்போனுக்கு 18 சதவீதம். இரண்டுமாக இருக்கும் ஒன்றைச் சுங்க அதிகாரி எந்தப் பட்டியலில் வைப்பார்?

உற்பத்திக்கு இடம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2022-ல் புதிய திருப்பதி மாவட்டத்துடன் இணைந்த பிச்சாட்டூருக்குக் கிழக்கே, சத்தியவேடு அருகில் ஸ்ரீசிட்டி உள்ளது. அங்கு 2015-ல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஷியோமி செல்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. வடமேற்கே திருப்பதியில் டிக்சன் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்கிறது. ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது. காதில் அணியும் கருவிகளின் உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்கச் சுங்க வரி படிப்படியாக மாற்றியமைக்கப்படும் என்று 2022 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். விமானியின் காது அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை.