கம்ப்யூட்டருக்கும் உண்டு காவல்காரன்!

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரே பரபரப்பு. கம்ப்யூட்டர் திரைகள் திடீரென்று சிவந்தன. ஏடுகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன என்றும், 300 டாலர் கொடுத்தால்தான் திறக்கப்படும் என்றும் எழுத்துக்கள் தோன்றின.

நோயாளிகளின் குறிப்புகளை டாக்டர்களால் பார்க்க முடியவில்லை. 5 ஆஸ்பத்திரிகள் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு இடங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. முன்கூட்டியே குறித்திருந்த 6,912 சிகிச்சைகள் ரத்தாயின என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் கணக்குச் சொன்னது.

இதைச் செய்தது "வான்னகிரை" என்ற கம்ப்யூட்டர் புழு. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்துவிட்டால் போதும். அடுத்த கம்ப்யூட்டரை அதுவே தேடிப் போகும்!

எந்த வாசல்?

கம்ப்யூட்டர்கள் தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகின்றன. கடிதத்தின் மேல் விலாசம் இருப்பதுபோல, பொட்டலத்தின் மேலும் விலாசம் உண்டு. யார் அனுப்பியது? யாருக்கு? எந்த வாசலுக்கு? மூன்றும் அதில் இருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல். அதற்கு ஓர் எண். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஏடுகளைப் பகிர்ந்துகொள்ளும் வாசலின் எண் 445. புழு போனதும் இதே வாசல் வழியாகத்தான்.

அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி 2 மாதங்களுக்கு முன்பே கொடுத்திருந்தது. பல கம்ப்யூட்டர்களுக்கு அது போடப்படவில்லை.

மருந்து போடுவது முதல் கடமை. அத்துடன் வழியில் காவலும் வைக்கலாம். அந்தக் காவல்காரன்தான் "சுவிட்ச்".

சொன்னபடி கேட்கும் பெட்டி

இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெட்டி. கட்டிடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களின் கம்பிகள் எல்லாம் இதில் வந்து சேரும். மலிவான சுவிட்ச், வந்த பொட்டலத்தை அப்படியே தள்ளிவிடும். உயர்ந்த ரகச் சுவிட்ச் நாம் சொல்வதைக் கேட்கும். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். "ஏ.சி.எல்." என்பது இந்தப் பட்டியல்தான்.

உதாரணமாக, ஓர் ஆஸ்பத்திரி வார்டில் 24 கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏடுகளைச் சேர்த்து வைக்கும் "சர்வர்" என்ற பொதுக் கம்ப்யூட்டரும் ஒன்று உண்டு. பட்டியல் 3 வரிதான்:

1. சர்வரின் 445-ம் வாசலுக்குப் போகும் பொட்டலத்தை விடு.

2. வேறு எவருடைய 445-ம் வாசலுக்குப் போனாலும் தடு.

3. மற்ற எல்லாவற்றையும் விடு.

வரிசை மாறினால்?

சுவிட்ச் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ, அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது வரியை முதலில் எழுதிவிட்டால், புழுவும் ராஜநடை போட்டுப் போகும். இரண்டாவது வரி முதலில் வந்தால், சர்வருக்கும் வழி அடைபடும். ஒருவரும் ஏடு பார்க்க முடியாது.

மூன்றாவது வரியை மறந்தால் வேலை முழுவதும் நின்றுவிடும். காரணம், சிஸ்கோ போன்ற கம்பெனிகளின் சுவிட்சுகளில் பட்டியலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்று உண்டு. "மீதி அனைத்தையும் தடு" என்பதே அது!

பூட்டிக்கொள்ளும் ஆபத்து

பட்டியல் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு துளையிலும் அதைப் பொருத்த வேண்டும். பிறகு நிலையாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் அது மறைந்துவிடும்.

தொலைவிலிருந்து வேலை செய்யும் எஞ்சினீயர் ஒரு வரியைத் தவறாக எழுதினால், அவருக்கே வழி அடைபட்டுவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்ட கதைதான். அனுபவசாலிகள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். "10 நிமிடத்தில் நீயே அணைந்து மறுபடி கிளம்பு" என்று சுவிட்சுக்கு முதலில் சொல்லிவிடுவார்கள். தவறு நேர்ந்தால் சுவிட்ச் பழைய பதிவுக்கே திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால், அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டுப் புதிய பட்டியலைப் பதிவு செய்வார்கள்.

23 தப்பும்

இந்தக் காவல்காரன் விலாசத்தைத்தான் படிப்பான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டான். ஆகவே, திறந்துள்ள வழியாகச் சர்வருக்குப் புழு போகக்கூடும். சர்வருக்கு மருந்து போட்டே தீரவேண்டும்.

ஆனால், 24 கம்ப்யூட்டர்களில் ஒன்றில் புழு புகுந்தாலும், 445-ம் வாசல் வழியாக அது பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவ முடியாது. மற்ற 23-ம் தப்பும். டாக்டரின் கையில் நோயாளியின் குறிப்பு இருக்கும். சரியான வரிசையில் எழுதிய 3 வரிகள் செய்யும் வேலை இது!