மாடித் தூம்பைப் பார்த்தீர்களா?



பனி பொழியும் நாடுகளில் வீட்டுக் கூரைகளுக்கு ஒரு விசித்திரமான துன்பம் நேர்வதுண்டு. வீட்டினுள்ளிருந்து எழும் வெப்பத்தால் கூரைமேல் கிடக்கும் பனி உருகி வழிகிறது. குளிர்ந்த ஓரத்தை அடைந்ததும் அந்நீர் மீண்டும் உறைந்து கரை கட்டிவிடுகிறது. பின்னால் தேங்கும் நீர் போக வழியின்றிக் கூரையின் இடுக்குகளில் புகுந்து வீட்டுக்குள் ஒழுகுகிறது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பனிக்கட்டி ஏது என்று நீங்கள் கேட்கலாம். பனிக்கட்டி இல்லை, ஆனால் அணை உண்டு. வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் பையும் பிள்ளைகளின் பந்தும் சேர்ந்து, மொட்டை மாடியின் தூம்புவாயில் கட்டும் அணை அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் வகுப்பறை ஓரிரவில் ஒழுகிற்று. கிதாபுகள் நனைந்தன, ரைஹால்கள் ஊறின. காலையில் மேலே ஏறிப் பார்த்தபோது கணுக்கால் அளவு நீர் நின்றது. தூம்பில் கைவிட்டு எடுத்தால், ஒரு மாணவனின் வெள்ளைத் தொப்பி! அதைச் சுற்றிச் சருகுகள் இறுகியிருந்தன. மழைக்கு முன் ஒருமுறை மேலே ஏறிப் பார்க்காத குற்றம் ஆசிரியர்களாகிய எங்களுடையதே.

தேங்கும் நீர் ஒழுகுவதோடு நிற்பதில்லை. அது பாரமாகவும் அமர்கிறது. 600 சதுர அடி மாடியில் ஓர் அங்குல உயரம் நீர் நின்றால் அதன் எடை ஏறக்குறைய 1,400 கிலோ. நான்கு அங்குலம் நின்றால் ஐந்தரை டன்னுக்கு மேல். நம் பழைய மஹல்லாக்களில் மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டிய மெட்ராஸ் ஒட்டு வீடுகள் இன்னும் உள்ளன. ஊறிய உத்திரம் இப்பாரத்தை எத்தனை நாள் தாங்கும்? கான்கிரீட் தளமோ, நீர் உட்புகுந்தால் கம்பி துருவேறி உப்பி, காரையை உதிர்த்துவிடும்.

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை அதிகாலை, கனமழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 4 பேர் குழந்தைகள். அங்கே தூம்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழையில் ஊறிய கட்டடம் உறங்குகிறவர்களை எழுப்பிவிட்டு விழுவதில்லை என்பதை நம் பகுதி அன்று கண்ணீரோடு கற்றது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே மாடியைப் பெருக்குங்கள். தூம்புகளைத் துழாவிச் சுத்தம் செய்து, வாயில் கம்பிவலை பொருத்துங்கள். ஒரு குடம் நீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். தளம் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது தூம்பை நோக்கிச் சரிந்திருத்தல் நலம். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு அகற்றி வெடிப்பை அடையுங்கள். பழைய சுண்ணாம்புத் தளத்தின்மேல் ஆண்டுதோறும் சிமெண்டுப் பூச்சை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்; பாரம் கூடுமே தவிர ஒழுக்கு நிற்காது. அறிந்த கொத்தனாரைக் கொண்டு, வெயில் காலத்தில், மேற்புறத்திலிருந்தே பழுது பாருங்கள்.

மழை நடுவே ஒழுகத் தொடங்கினால், நனையாத இடத்தில் நின்று உலர்ந்த கையால் மின்சார மெயினை நிறுத்துங்கள். இடி மின்னலில் மாடிக்கு ஏறாதீர்கள். மழை ஓய்ந்தபின் ஒருவர் மட்டும் ஏறி, நீண்ட கழியால் தூம்பைத் திறக்கட்டும். உட்கூரை தொங்கினாலோ, சுவரில் புதிய வெடிப்பு தோன்றினாலோ, பொருளைப் பாராமல் பிள்ளைகளோடும் முதியோரோடும் உடனே வெளியேறுங்கள். மேலே ஏற முயலவேண்டாம்.

தூம்பைப் பற்றி இத்தனை பேச்சா என்று எண்ணாதீர்கள். மதீனாவில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுத் தூம்பிலிருந்து வழிந்த நீர், ஜும்ஆவுக்குச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆடைமீது பட்டது. வழிப்போக்கருக்குத் தொல்லையென்று அதனைப் பெயர்க்கச் செய்தார்கள். அது அண்ணல் நபி (ஸல்) அவர்களே பொருத்தியது என்று அறிந்ததும், அப்பாஸ் (ரலி) அவர்களைத் தம் முதுகின்மேல் ஏறி நிற்கச் செய்து, மீண்டும் அதே இடத்தில் வைக்கச் செய்தார்கள். ஒரு தூம்பில் அண்டையார் உரிமையும் நபிநேசமும் அடங்கியிருந்தன. நம் தூம்பு நீர் பக்கத்து வீட்டுச் சுவரை நனைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருவில் துணையின்றி வாழும் விதவையின் மாடிக்கும் உங்கள் மகனை ஒருமுறை அனுப்புங்கள்.

மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அது வந்து இறங்கும் மாடியில் வழியைத் திறந்து வைப்பது நம் கடமை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஏறிப் பார்ப்பீர்களா? இன்ஷா அல்லாஹ்!