நெடும்பயண மிதிவண்டி: உறுப்பும் பொருத்தமும்

மிதிவண்டியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டினால் செலவு குறையும் என்பது பலர் எண்ணம். குறையும் என்பது உண்மையே. ஆயின், எல்லார்க்கும் குறைவதில்லை. மலிவாகக் கிடைத்ததென்று ஒருவர் சக்கரத்தை முதலில் வாங்குகிறார். பின்பு வாங்கிய சட்டத்தில் அது நுழைவதில்லை. மீண்டும் ஒன்று தேடுகிறார். இவ்வாறு இரண்டு மூன்று முறை வாங்கினால் முழு வண்டியின் விலையே கைவிட்டுப் போகும். இதற்குக் காரணம் பொருளின் குறையன்று, அளவு பாராமையே.

ஆகவே, முதலில் தேட வேண்டுவது சட்டம். மூட்டையோடு நெடுந்தூரம் செல்வதற்கு 1990களில் வெளிவந்த எஃகு மலைமிதிவண்டிச் சட்டங்கள் ஏற்றவை. அவை உறுதியானவை, பலவற்றில் கேரியர் பூட்டத் துளையும் உண்டு. விரிசல் கண்ட சட்டத்தை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

அடுத்தது சக்கரம். பின்சக்கரம் அமரும் இடைவெளி இச்சட்டங்களில் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர். சக்கரத்தின் ஹப்பும் அதே அளவினதாக வேண்டும். ‘26 அங்குலம்’ என்னும் பெயரை மட்டும் நம்புதல் தவறு. மலைமிதிவண்டி ரிம்மில் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய ஆங்கிலேய வண்டிகளின் ‘26 அங்குல’ ரிம் ஒன்றிலோ அது 590. பெயர் ஒன்று, பொருள் வேறு. ஒன்றின் டயர் மற்றொன்றிற்குச் சேராது. பிரேக் கட்டையும் ரிம்மைச் சரியாகத் தொடாது.

மிதியச்சுக் கிண்ணத்தின் மரையும் அத்தகையதே. ஆங்கில முறையில் சங்கிலிப் பக்கக் கிண்ணம் இடமரை உடையது. இத்தாலிய முறையில் இருபுறமும் வலமரை, விட்டமும் வேறு. இதனை அறியாது வலிந்து திருகினால் சட்டத்தின் மரையே அழிந்துவிடும்.

சுமையோடு மேடேற எளிய கியர் வேண்டும். முன்பல் 28, பின்பல் 28 எனின், மிதி ஒரு சுற்றுச் சுற்ற, 26 அங்குலச் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். வண்டி ஏறத்தாழ 82 அங்குலம் செல்லும். முன்பல் 42, பின்பல் 14 எனின் மும்மடங்கு செல்லும். அது சமவெளிக்கு உரியது.

பழையதாக வாங்கத்தக்கவை சட்டம், கைப்பிடி, மிதிக்கட்டை முதலியன. புதியதாகவே வாங்க வேண்டியவை பிரேக் கட்டை, பிரேக் கம்பி, டயர், சங்கிலி ஆகியன. புதுச் சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும். இன்றேல் பற்களையும் தேய்த்துவிடும். குரோமியம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் நன்கு பற்றாது. மூட்டையோடு இறக்கத்தில் வருபவர்க்கு அது உயிர்க்கேடாக முடியலாம். ஆதலின் அலுமினிய ரிம்மே தக்கது. சிக்கனம் செய்யும் இடம் இதுவன்று.

இரு சொற்கள் சேருமிடத்தில் புணர்ச்சி விதி பார்ப்பதுபோல், இரு உறுப்புகள் சேருமிடத்தில் அளவு பார்த்தல் வேண்டும். கையில் ஓர் அளவுகோலும் சிறு குறிப்பேடும் கொண்டு கடைக்குச் செல்பவர்க்கே பழைய பொருள் மலிவுப் பொருளாகும்.