ஒரே பெயருக்குள் இரண்டு பகைவர்கள்

தோட்டப்புறத்தில் வாழும் நமக்குக் கொக்கோ மரம் புதிதன்று. அடைமழைக் காலத்தில் அதன் காயில் பழுப்பு நிறப் புள்ளி ஒன்று தோன்றும். சில நாள்களில் காய் முழுவதும் கறுத்து அழுகிவிடும். டுரியான் மரத்தின் அடிப்பட்டை அழுகுவதும், பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடுகள் ஓடுவதும் இதே கிருமியின் வேலையாக இருப்பதுண்டு. அதன் பெயர் ஃபைட்டோப்தோரா பால்மிவோரா.

பார்வைக்குப் பூசணம்போல் இருந்தாலும் இது உண்மையான காளான் இனத்தைச் சேர்ந்ததன்று. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கே இது நெருங்கிய உறவு. இதன் நுண்வித்துகள் இரண்டு வால்களைக்கொண்டு நீரில் நீந்திச் செல்லும். அதனால்தான் இதனை நீர்ப்பூசணம் என்கிறோம். மழைநாளில் நோய் பெருகுவதன் காரணமும் இதுவே.

இந்தியாவில் கோதாவரிக் கழிமுகத்தில் பனைமரங்களின் குருத்தழுகலை ஆராய்ந்த பட்லர் என்னும் அறிஞர், 1907ஆம் ஆண்டில் இக்கிருமிக்குப் பனையைத் தின்பது என்னும் பொருளில் பெயரிட்டார். பின்னர் உலகில் எந்த நாட்டில் கொக்கோக் காய் கறுத்தாலும் பழி பால்மிவோராவின்மீதே விழுந்தது.

ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் நோயின் வேகம் வேறாக இருந்தது. பிரேசியர், கிரிஃபின் என்னும் இருவர் பல நாட்டுக் கிருமிகளை வளர்த்து ஒப்பிட்டார்கள். வித்துப்பையின் காம்பை அளந்தார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணினார்கள். பால்மிவோராவில் அவை சிறியவை, 9 முதல் 12 வரை. ஆப்பிரிக்கக் கிருமியிலோ பெரியவை, ஐந்தாறுதான்! ஒரே வகுப்பில் இரண்டு முனியாண்டிகள் இருந்தால் ஆசிரியர் படும் பாடு நமக்குத் தெரியும். இங்கே இரண்டாமவன் இருப்பதே அதுவரை தெரியவில்லை. 1979இல் அதற்கு மெகாகாரியா என்று தனிப்பெயர் கிடைத்தது.

பெயர் மாற்றம் வெறும் ஏட்டு வேலை என்று எண்ணிவிட முடியாது. மெகாகாரியா பெரும்பாலும் மண்ணில் தங்கியிருந்து, மழைத்துளி தெறிக்கும்போது அடிக்காய்களில் ஏறும். கவனிக்காத தோட்டத்தில் விளைச்சலில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். காயைப் பறித்தெறிந்தாலும் மண்ணிலுள்ள பகை அப்படியே இருக்கும்.

கிருமியைப் பிடிக்கும் முறை எளியது. மண்ணை நீரில் கரைத்து, நல்ல இலைத்துண்டு ஒன்றை மிதக்கவிடுவார்கள். தூண்டிலை நாடும் மீன்போல் நீந்தும் வித்துகள் வந்து அதில் ஒட்டும். அதைத் தனியே வளர்த்து, இக்காலத்தில் அதன் மரபணு எழுத்துகளையும் படித்துப் பார்க்கிறார்கள். 1999 வாக்கில் 60 அளவில் அறியப்பட்டிருந்த ஃபைட்டோப்தோரா இனங்கள் இன்று 200ஐத் தாண்டிவிட்டன.

மெகாகாரியா இதுவரை ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப்பகுதிகளில் மட்டுமே அறியப்பட்டுள்ளது. அங்கிருந்து வரும் பயணி மண் ஒட்டிய ஒரு கொக்கோக் கன்றைப் பையில் வைத்திருந்தால், சுங்க அதிகாரி அதனைப் பறிமுதல் செய்வது இதனால்தான்.