அறுவை மருத்துவமும் அணிகலன்களும்

அணிகலன் பூணுதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் முதிய மகளிர் சிலர், நீண்டு தொங்கும் காதுகளில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்து செல்வதை இன்றும் காண்கிறோம். மூக்குத்தியும் மெட்டியும் தாலியும் பூண்டபின் உடலின் உறுப்புகளாகவே கருதப்படுகின்றன. அவற்றுள்ளும் தாலியின் சிறப்புத் தனியானது. கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் கண்ணகி ஏனைய அணிகளை விடுத்தும் மங்கல அணியை விட்டிலள் என்பது சிலப்பதிகாரத்தால் அறியப்படும். ஆகவே, "இவற்றைக் கழற்றுக" என்று மருத்துவசாலையில் கூறுங்கால், முதியோர் உள்ளம் நடுங்குதல் இயல்பேயாம்.

சென்ற ஆண்டில் என் அம்மாச்சிக்குப் பித்தப்பையில் அறுவை செய்ய நாள் குறித்தனர். நகைகளைப் பற்றி முன்னர் ஒருவரும் கூறிற்றிலர். அன்று காலையில் செவிலியர் தாலியைக் கேட்கவே, "அவர் உயிரோடிருக்க நான் கழற்றுவேனோ!" என்று அம்மாச்சி அழுதார். நாற்பது ஆண்டுகளாகக் கழற்றப்படாத மூக்குத்தியின் திருகும் அசையவில்லை. அறுவை மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வலியோடு அவர் கழித்த அவ்விரவு, முன்னரே நான்கு சொற்கள் கூறப்பட்டிருப்பின் நேர்ந்திராது.

கழற்றுவது எதற்காக? குருதிக் குழாய்களைச் சுட்டு அடைப்பதற்கு மின்கருவி ஒன்றை மருத்துவர் கையாளுகின்றனர். அம்மின்சாரம் உடலினூடே சென்று, தோலில் ஒட்டிய அகன்ற தகட்டின் வழியாக மீளும். உடலில் உலோகம் இருப்பின், அது தொடும் சிற்றிடத்தில் தோல் சுட்டுப் புண்படக்கூடும். மயக்கமுற்றவரின் மூச்சுக்குழலில் குழாய் செலுத்துங்கால் மூக்கிலோ உதட்டிலோ நாவிலோ உள்ள அணி நெகிழ்ந்து உள்ளே விழவும் கூடும். கை வீங்கினால் மோதிரம் குருதியோட்டத்தைத் தடுக்கும். அணியின் அடியில் தங்கும் அழுக்கில் நோய்க்கிருமிகளும் உறையும்.

எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்கும் இவ்விதி பொருந்தும். 1.5 டெஸ்லா வலிமையுள்ள அக்காந்தம், பூமியின் காந்தத்தினும் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. தூய பொன்னை அது இழுக்காது. ஆயினும் பொன் சூடேறலாம், படமும் சிதையலாம். திருகு வேறு உலோகமாயின் ஈர்க்கப்படவும் கூடும்.

இனிக் கழற்றும் முறையைக் கூறுவாம். சில நாட்களுக்கு முன்னரே முயல வேண்டும். இறுகிய மோதிரத்திற்குக் கையைச் சிறிது நேரம் உயர்த்தி வைத்து, சோப்பு நீரோ எண்ணெயோ தடவலாம். அதற்கும் அசையாதாயின், நூலின் ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து, மறுமுனையால் விரலின் கணுவைத் தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றி, நுழைத்த முனையைப் பிடித்து அவிழ்த்து வர, மோதிரம் சிறிது சிறிதாக வெளிவரும். இறுகிய திருகை வீட்டில் முறுக்கிப் புண்ணாக்காது பொற்கொல்லரிடம் காட்டுதல் நன்று. அம்மாச்சியின் மூக்குத்தியைத் தெற்காவணி மூல வீதி ஆசாரியார் ஒருவர் சில நிமிடங்களில் கழற்றினார். எவ்வாற்றானும் கழலாததை மறையாது மருத்துவரிடம் அறிவித்தல் வேண்டும்.

கழற்றியவற்றை எண்ணி எழுதி, உறவினர் ஒருவரிடம் ஒப்படைக்க. புதிதாகக் குத்திய துளை விரைவில் தூர்ந்துவிடும். மூக்கின் துளை காதினும் முந்தித் தூரும். ஆகவே, உலோகமல்லாத சிறு ஆணியை இடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்; துடைப்பக் குச்சியைச் செருகுதல் தீது. மயக்கம் முற்றுந் தெளிந்து வீக்கமும் வடிந்தபின், கையையும் அணியையும் தூய்மை செய்து, வலிந்து தள்ளாமல் மீண்டும் அணிய வேண்டும்.

தாலியின் செய்தி யாதாயிற்று? மறுநாள் காலையில் மூத்த செவிலியர் ஒருவர் அருகமர்ந்து, "பாட்டியம்மா, அதைத் தாத்தா கையிலேயே கொடுங்கள்; நீங்கள் கண் விழித்ததும் அவரே கட்டட்டும்" என்று கூறி, மஞ்சள் தோய்த்த நூலொன்றை மணிக்கட்டில் கட்டினார். அம்மாச்சி மறுமொழியின்றித் தாமே கழற்றித் தந்தார். மாலையில் தாத்தாவின் கை நடுங்கியமையால் முடிச்சிட நெடுநேரமாயிற்று.

நம் வீட்டு முதியோருக்கு மருத்துவசாலையின் மொழி விளங்காது. கற்ற நமக்கோ விளங்கும். அவர்கள் அங்குச் செல்லுமுன் நகைகளைப் பற்றிக் கேட்டறிந்து, காரணத்தையும் அன்போடு எடுத்துரைத்தல் நம் கடனாகும்.