உங்களுக்குத் தெரியுமா? எதையும் பிடிக்காததற்கே விலை!

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தது. ரத்த மாதிரிகளைச் சோதித்தது வேலூர் சிஎம்சி. பின்னாளில், எச்ஐவி தாக்கும் வெள்ளணுக்களைக் கணக்கிடும் ‘சிடி4 எண்ணிக்கை’ என்ற பேச்சு சிறு ஊர்கள்வரை வந்து சேர்ந்தது.

அதை எப்படி எண்ணுகிறார்கள்? சிடி4-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றி, அதை ரத்தத்தில் கலந்து, செல்களை லேசர் கதிர் முன் ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். மின்னுவது சிடி4 செல். சிக்கல் என்னவென்றால், ஆன்டிபாடி தன் வால்பகுதியாலும் சில வெள்ளணுக்களில் ஒட்டிக்கொள்ளும். அது பொய் மின்னல்.

இதைப் பிடிக்கத்தான் ‘ஐசோடைப் கன்ட்ரோல்’. அதே வகை ஆன்டிபாடி, அதே சாயம், அதே அளவு; ஆனால் அந்த ரத்தத்தில் அதற்கு இலக்கே கிடையாது. எதையும் பிடிக்கக்கூடாது என்பதற்காகவே காசு கொடுத்து வாங்கும் சரக்கு!

இவற்றில் பிரபலமான ‘மாப்சி-21’, கனிம எண்ணெய் செலுத்தியதால் சுண்டெலிக்கு வந்த புற்றுக்கட்டியிலிருந்து பிறந்தது. 1975-ல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கைப் பிடிக்கும் ‘மோனோகுளோனல்’ ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்படுத்திய புற்றுசெல்லும் இதே வம்சம்தான். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1984-ல் நோபல் கிடைத்தது.

இன்றைய சிடி4 சோதனைகளுக்கு ஐசோடைப் கன்ட்ரோல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால், ஆன்டிபாடி வகைப் புற்றுமருந்தைச் சுண்டெலிகளில் சோதிப்பவர்களால் இதை எளிதில் விட முடியாது. ஒரு குழுவுக்கு மருந்து ஆன்டிபாடி என்றால், இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீர் போதாது. அந்நிய ஆன்டிபாடி உடம்பில் ஏறுவதே எதிர்ப்பாற்றலைச் சீண்டக்கூடும். அதனால் அங்கே இந்த ‘டம்மி’தான் ஊசியில் ஏறும்.