தாயின் பாதங்கள் இன்று சற்றேனும் அமர்ந்தனவா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, தாயின் மாண்பு குறித்து ஜும்ஆவில் பயான் செய்தேன். ஜமாஅத்தார் பலர் கண் கலங்கினர். மன நிறைவோடு வீடு திரும்பி, உணவருந்திவிட்டு, தலையணையை எடுத்துப் போட்டேன். ஒன்றரை வயதான எங்கள் கடைசி மகன் அப்போதுதான் சோற்றுத் தட்டைக் கவிழ்த்திருந்தான். தரையைத் துடைத்துக்கொண்டே என் மனைவி சொன்னார்: "தாயோட பாதத்துக்குக் கீழே சொர்க்கம் இருக்குன்னு மைக்குல சொன்னீங்க, கேட்டேன். அந்தப் பாதம் சுப்ஹுலேர்ந்து இன்னும் உட்காரலைங்க."

மத்ரஸாவில் பல ஆண்டுகள் ஓதிய எனக்கு அந்த ஒரு வரிக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் இந்தப் பொருளை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். தாயைப் புகழ்வது எளிது. அவள் கையிலிருக்கும் பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்வதுதான் கடினம். மார்க்கம் நம்மிடம் இரண்டையுமே கேட்கிறது.

ஓடிய தாயும் ஓடுகின்ற தாயும்

ஹாஜரா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். நீரற்ற பள்ளத்தாக்கில் கைக்குழந்தை இஸ்மாயீல் (அலை) தாகத்தால் துடிக்க, அந்த அன்னை ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை சென்று வந்தார்கள். இன்று ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்கின்ற ஒவ்வொருவரும், அரசராயினும் ஆலிமாயினும், அந்தத் தாய் சென்ற வழியிலேயே நடந்தாக வேண்டும். பிள்ளைக்காகப் பதறிய ஒரு பெண்ணின் ஓட்டத்தை அல்லாஹ் உலகம் முடியும் வரை வணக்கமாக ஆக்கிவிட்டான்.

அப்படியானால் நம் வீட்டில் அடுப்பங்கரைக்கும் கூடத்திற்கும் இடையே ஒரு நாளில் எத்தனை ஸஃயு நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பால் பொங்குகிறது, அதற்குள் பிள்ளை தண்ணீர் வாளியருகே போய்விட்டது. வாளியிலிருந்து தூக்கி வந்தால், மின்சார சுவிட்சில் விரல் வைக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்த ஓட்டத்திற்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு. சகோதரிகளே, இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தஹஜ்ஜுதுக்கு எழ முடியவில்லையே, முன்போல் குர்ஆன் ஓத முடியவில்லையே என்று வருந்தும் தாய்மார்கள் பலர். ஃபர்ளைப் பேணுங்கள், தொழுகைக்கென ஒரு தூய்மையான உடையைத் தனியே மடித்து வையுங்கள், ஸஜ்தாவில் பிள்ளை முதுகில் ஏறினால் கலங்காதீர்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் முதுகிலும் பேரப்பிள்ளை ஏறியதுண்டு. அவசரப்படுத்த விரும்பாமல் ஸஜ்தாவையே நீட்டினார்கள் என்று நஸயீயில் பதிவாகியுள்ளது.

அடம் பிடிப்பது குறையல்ல

ஏறத்தாழ ஒரு வயதில் நடக்கத் தொடங்கும் பிள்ளை, இரண்டு வயதளவில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறது. இடைப்பட்ட காலத்தில் அதற்கு ஆசைகள் ஏராளம். சொல்ல மொழி இல்லை. ஆகவே தரையில் விழுந்து அழுகிறது, கடிக்கிறது, பொருளை வீசுகிறது. "தாய் சரியாக வளர்க்கவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் உடனே தீர்ப்பளித்து விடுகின்றனர். இது தாயின் குறையுமன்று, பிள்ளையின் தீய குணமுமன்று. வளர்ச்சியின் ஒரு படி. அடிப்பதால் பிள்ளை மொழி கற்பதில்லை, அச்சத்தையே கற்கிறது. அருகில் அமர்ந்து, அழுகை அடங்கிய பின் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுப்பதே பயன் தரும்.

உணவு விஷயமும் அவ்வாறே. முதல் ஆண்டில் பிள்ளையின் எடை ஏறத்தாழ மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு மூன்று கிலோ அளவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இதனை அறியாமல், தாய் கிண்ணத்தோடு வீடு முழுவதும் பிள்ளையின் பின்னால் அலைகிறாள். இறுதியில் செல்போனைக் கையில் கொடுத்து ஊட்டுகிறாள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆனால் செல்போனைக் கொடுத்த தாயைக் கடிந்து பேசுமுன், அவள் கைக்கு உதவியாக அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டுமல்லவா?

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணையும், முத்தடுப்பு ஊக்கத் தவணையும் உள்ளன. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பலர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

டேனரியிலிருந்து திரும்பும் தந்தைக்கு

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு தோலால் எரிகிறது. அது ஹலாலான உழைப்பு; பெருமைக்குரியது. எனினும் சுண்ணாம்பும், சோடியம் சல்பைடும், குரோமிய உப்பும் புழங்கும் இடத்தில் நாள் முழுவதும் நின்றவரின் உடையிலும் செருப்பிலும் அவை ஒட்டிக்கொண்டு வரக்கூடும். தவழ்ந்து, நடந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம் இது. வாசலில் "அத்தா" என்று கால்களைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை உடனே தூக்க மனம் துடிக்கும். சற்றுப் பொறுங்கள். செருப்பை வெளியே விடுங்கள்; குளித்து உடை மாற்றுங்கள்; வேலை உடையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்கத் தராதீர்கள்.

அதன் பிறகு தூக்கினால், உடனே இறக்கிவிடாதீர்கள். கொஞ்சிவிட்டு, அழுததும் தாயிடம் நீட்டுவதே நம்மில் பலரின் வழக்கம். பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று கூறிய அக்ரஃ பின் ஹாபிஸ் (ரலி) அவர்களிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. வீட்டு வேலை ஆணின் மதிப்பைக் குறைக்கும் என்பது நம் ஊர் வழக்கமாக இருக்கலாம். அது ஸுன்னத் அன்று.

தந்தை வளைகுடா நாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தப் பொறுப்பு தாத்தா, பாட்டி, மாமன், சித்தப்பா மீது வருகிறது. தொலைவிலிருக்கும் கணவர் செல்போனில் "பிள்ளையைக் காட்டு" என்று கேட்பதோடு நில்லாமல், "நீ தூங்கினாயா?" என்றும் கேட்கட்டும்.

பணிக்குச் செல்லும் தாய்

காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களில் பலர் உறங்கும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள். அன்று பிள்ளை வைத்த முதல் அடியை, பேசிய முதல் சொல்லை, மாலையில் மற்றவர் சொல்லக் கேட்டே அறிகிறார்கள். அவர்களைப் பழிப்பதை விடுத்து, அவர்களுக்குரியதைப் பெற்றுத்தருவோம். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்கு சென்று பிள்ளையைக் காண அனுமதி தர வேண்டும் என மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை இடம்பெற்றுள்ளது. தொழிற்சாலை நடத்தும் செல்வந்தர்களே! உங்கள் காப்பகம் பெயரளவில் பூட்டிக் கிடக்கிறதா, தொட்டிலும் ஆயாவும் உள்ள இடமாக இருக்கிறதா என்று ஒரு நாள் நேரில் சென்று பாருங்கள்.

பால் மறக்கடிக்கும் நாட்கள்

இந்தப் பருவத்தின் கடினமான வாரம், பால் மறக்கடிக்கும் வாரம். பிள்ளை இரவெல்லாம் அழும். தாய்க்கோ மார்பு கட்டி வலிக்கும். கூடவே, பிள்ளை தன்னைவிட்டு ஓர் அடி விலகுகிறதே என்ற ஏக்கமும் வாட்டும். வேப்பிலையை அரைத்துத் தடவிவிட்டு, அழும் பிள்ளையோடு தானும் அழும் தாய்மார்கள் உண்டு.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை இங்கே கவனியுங்கள். முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று அல்லாஹ் வரையறுக்கிறான். தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறான். பிள்ளையின் பெயரால் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்கிறான். பின்னர், அதற்கு முன்பே பால் மறக்கடிக்க விரும்பினால், இருவரும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்யட்டும் என்கிறான்.

கலந்தாலோசனை! ஆட்சிக்கும் போருக்கும் உரியதென்று நாம் எண்ணும் ஒரு பண்பை, ஒரு குழந்தையின் பால்குடியை நிறுத்தும் சிறு செயலில் அல்லாஹ் எதிர்பார்க்கிறான். "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று திரும்பிப் படுக்கும் கணவருக்கு இவ்வசனத்தில் இடமேயில்லை. ஆலோசனையில் பங்குள்ளவருக்கு அந்த இரவின் விழிப்பிலும் பங்குண்டு.

பள்ளிவாசலின் பங்கு

நீண்ட நேரம் தொழவைக்கும் எண்ணத்தோடு நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தொழுகையைச் சுருக்கினார்கள்; அதன் தாய் படும் தவிப்பே காரணம் என்றும் கூறினார்கள். பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்தவாறே தொழுததும் உண்டு. நானோ, சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவராதீர்கள் என்று ஒருமுறை மிம்பரிலிருந்து கடிந்து பேசியவன். பிள்ளையைத் தந்தை தன்னோடு அழைத்து வந்தால், தாய்க்கு அந்த அரை மணி நேரமாவது ஓய்வு கிடைக்குமே என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

சிரமங்களையே அடுக்கிவிட்டேன். ஆனால் அந்தத் தாயிடம் கேட்டால் வேறொரு பட்டியல் தருவார். பாங்கொலி கேட்டதும் பிள்ளை இரு காதுகளிலும் கை வைத்தது. தாயைப் பார்த்து முஸல்லாவில் குறுக்காக ஸஜ்தா செய்தது. 'பிஸ்மி' என்று பாதிச் சொல்லோடு சோற்றை அள்ளியது. காய்ச்சலில் கிடந்த தாயின் நெற்றியில் சிறுகை வைத்தது. களைப்பின் நடுவே அல்லாஹ் அவளுக்குத் தரும் கண்குளிர்ச்சி இவை. அவற்றை அனுபவிக்க அவளுக்குச் சற்று ஓய்வு வேண்டும்.

எனவே வாசகர்களே! இந்த ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். உண்டு முடித்துப் படுக்குமுன் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ கொஞ்சம் உட்காரு" என்று சொல்லுங்கள். நானும் அதைத்தான் செய்து வருகிறேன். முதல் நாள் என் மனைவி நம்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யா அல்லாஹ்! எங்களைச் சுமந்த தாய்மார்களுக்கு அருள் புரிவாயாக! இன்று பிள்ளைகளைச் சுமக்கும் தாய்மார்களின் உடலுக்கு வலிமையையும் உள்ளத்துக்கு அமைதியையும் தருவாயாக! அவர்களின் சுமையில் பங்கேற்கும் இதயத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.